நரிப்பொட்டல் இல்லாத வரைபடம்

கோவிலாங்கரை மேல்நிலைப் பள்ளியில் பூகோளம் எடுக்கும் ரெஜினா டீச்சர், நூறு வருஷத்துக்கு முந்தைய நில அளவை வரைபடம் ஒன்றைப் பள்ளிக் கண்காட்சிக்காக எங்கிருந்தோ தேடிப் பிடித்து, அதைப் பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸாக அடித்து பஸ் ஸ்டாப்பில் கட்டிய அன்று காலையில், எங்கள் நரிப்பொட்டல் நாற்பத்திரண்டு வீடுகளோடும் நூற்றுத் தொண்ணூறு ஆட்களோடும் இருந்த இடத்தில்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு இதைச் சந்தேகப்பட்டவர்கள் எங்கள் ஊருக்குள்ளேயே உண்டு.

சுற்றுவட்டாரமே ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. மேடு பள்ளமெல்லாம் பழுப்புக் கோடுகளாக வளைந்து வளைந்து போக, கண்மாய் நீலமாக இருக்க, வீடுகள் கறுப்புப் புள்ளிகளாக இருக்க, கோவிலாங்கரைக்காரர்கள் தங்கள் பெருமாள் கோவிலையும் தேர் நிற்கும் தெருவையும் ஊர்க்கோடியில் இருந்த ஒற்றைப் பனையையும்கூடக் கண்டுபிடித்து விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்கள். எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெற்றிடமும், பக்கத்தில் சில புள்ளிக்கோடுகளும் இருந்தன.

"டீச்சர், எங்க ஊரக் காணோமே" என்றேன். நான் நரிப்பொட்டல் அங்கன்வாடியில் ஆயா, பெயர் ஆவுடைத்தாய், கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறவள்.

"அப்ப ஊரே இல்லையோ என்னவோ" என்றார் டீச்சர்.

நாங்கள் சிரித்தோம். ஊர் இல்லாமல் இல்லை, எங்கள் முப்பாட்டன்மார் அதை ஒளித்து வைத்துவிட்டார்கள். சங்கிலியும் முக்காலியும் தூக்கிக்கொண்டு அளக்க வந்த துரை ஆட்கள் தீர்வை போடத்தான் வருகிறார்கள் என்று பயந்து, குடிசைகளின் கூரையைப் பிரித்து, அடுப்பை அணைத்துச் சாம்பலை அள்ளி, ஆடு மாடு குஞ்சு குளுவானோடு ஓடைக்குள் இறங்கி, மூன்று நாள் உடைமரத்து முள்ளுக்குள் மூச்சுக் காட்டாமல் கிடந்தார்கள். வந்தவன் வெறும் பொட்டலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஏமாற்றிவிட்ட அந்தச் சந்தோஷத்தில் நாங்கள் வருஷா வருஷம் கோவில் கொடைத் திருவிழாவின் மறுநாள் வீட்டைப் பூட்டிவிட்டு, ஓடைக்குள் போய்ப் பொங்கி, சத்தம் போடாமல் சாப்பிட்டுவிட்டு வருவோம். ஒளிவுப் பொங்கல் என்று அதற்குப் பெயர். அன்றைக்குக் குழந்தை அழுதால்கூட வாயைப் பொத்துவோம்.

ஃப்ளெக்ஸ் கட்டிய மறுநாள் காலையில், ரோடு அகலப்படுத்தியபோது வெட்டின பதினான்கு புளியமரங்களும் பழைய இடங்களிலேயே காயும் பழமுமாக நின்றன. பஸ் டிரைவர் இறங்கி ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டியை ஒடித்து ஒடித்து ஓட்டிக்கொண்டு போனார், அன்றிலிருந்து பஸ் பத்து நிமிஷம் தாமதம். அடுத்த நாள் மூடிப்போன நல்ல தண்ணீர்க் கிணறு வாய் திறந்தது. அதற்கடுத்த வாரம், மழையே பெய்யாத அந்தப் பங்குனியில், தூர்ந்து வீடும் கல்யாண மண்டபமுமாகிப் போயிருந்த பெரிய கண்மாய், ஃப்ளெக்ஸில் எவ்வளவு நீலம் இருந்ததோ அவ்வளவுக்கு நிறைந்து நின்றது. கோவிலாங்கரைக்காரர்கள் இதையெல்லாம் அசராமல் வாங்கிக்கொண்டார்கள். தண்ணீர் ஏறின வீட்டுக்காரர்கள் மச்சுக்குக் குடிபோனார்கள். முகூர்த்தம் மண்டபத்தின் மாடியில் நடந்தது, பந்திக்கு வந்தவர்கள் வாசல்வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள், செல்போன் டவர் தண்ணீருக்குள் நிற்க அதன்மேல் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்தின. ஒரு மாசத்துக்குள் அது எப்போதுமே அப்படித்தான் இருந்த மாதிரி ஆகிவிட்டது.

எங்களுக்கும் வரைபடம் வந்து சேர்ந்தது. எங்களுக்கு அது கொடுக்க எதுவும் வைத்திருக்கவில்லை.

முதலில் தபால்காரர் வரவில்லை, பிறகு கேஸ் வண்டி, பிறகு பால் வண்டி. ரோட்டில் போகிறவர்கள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், பார்வை எங்கள் வீடுகள்மேல் விழுந்து வழுக்கிக்கொண்டு அந்தப்பக்கத்து மேட்டில் போய் நிற்கும். டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டலாம் என்று வண்டிப்பாதையில் அழைத்து வந்தால், எல்லைக்கல்லைத் தாண்டியதும் அந்த அம்மா எங்களைத் தேடிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே, ஊருக்கு நடுவில், என் வீட்டு முற்றத்தின் வழியாக நடந்துபோய், மேட்டில் ஏறி நின்று, "ஆவுடைத்தாய், எங்க போனீங்க?" என்று பொட்டலைப் பார்த்துக் கூப்பிட்டார். நாங்கள் கோலத்தை மிதித்துவிடப் போகிறாரே என்று விலகி வழிவிட்டோம். நான் பதில் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

எங்களுக்கு மட்டும் போகவர முடிந்தது, அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. காலையில் வெளியே போய்ச் சாயங்காலம் திரும்பினால் ஊர் இருக்கும். வெளியே ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் இருக்காது. இதை லாரி ஓட்டுகிற கருத்தப்பாண்டி மூலமாகத்தான் தெரிந்துகொண்டோம். நாமக்கல் லோடு இறக்கிவிட்டு மூன்றாம் நாள் வந்தவன், எல்லைக்கல்லில் நின்றுகொண்டு பெண்டாட்டிக்குப் போன் போட்டு, "ஊர எங்கடி கொண்டு போயிட்டீக?" என்று அழுதான். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள், கல்லைத் தாண்டியதும் அவள் கையில் ஒன்றும் இல்லை, அவன் அந்தப்பக்கத்து மேட்டில் நின்றான். அதிலிருந்து அவன் குடித்தனம் பஸ் ஸ்டாப்பில், அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழேதான். அவள் தினமும் தூக்குவாளியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பொழுதுசாய ஓடி வருவாள்.

ஃப்ளெக்ஸைக் கழற்றச் சொன்னோம். டீச்சர் கண் கலங்கி, தானே ஏணி போட்டு ஏறிக் கழற்றிச் சுருட்டி எங்கள் கையில் கொடுத்தார். ஒன்றும் மாறவில்லை. இன்னும் என்னென்ன வரப் போகிறதென்று பார்த்துத் தயாராக இருக்க வேண்டுமே என்று கோவிலாங்கரைக்காரர்கள் மறுபடி வாங்கிக் கட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பயம் வீட்டுக்குள் வந்துவிட்டது. நாற்பது நாள் ஆகியும் எங்கள் ஊர் வெளியாள் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. மண் சுவர்கள் வெளிற ஆரம்பித்தன. என் அண்ணன் தங்கையா வீட்டுச் சுவர் வழியாக அந்தப்பக்கத்து வேப்பமரம் மங்கலாகத் தெரிந்தது, குழம்பில் காரம் குறைந்தது, நாய்கள் குரைத்தால் வாய்தான் அசைந்தது. அங்கன்வாடியில் இருபத்தோரு பிள்ளைகளையும் நான் காலையில் எண்ணுவேன், மத்தியானம் எண்ணுவேன், எண்ணி முடித்ததும் சரியாக எண்ணினேனா என்று மறுபடி எண்ணுவேன். ஒருநாள் எங்களையே எங்களுக்குத் தெரியாமல் போகும் என்று எல்லோரும் நினைத்தோம்.

இந்த நிலைமையில்தான் முத்துச்செல்வி வந்து சேர்ந்தாள். என் அண்ணன் மகள், திருப்பூரில் கட்டிக் கொடுத்தது, தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து மாசமாகிவிட்டது, ஊர் இப்படி ஆகிவிட்டதே என்று நாங்கள் அவளைக் கூட்டி வருவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தும், நாள் நெருங்க நெருங்க, தாய் வீட்டில்தான் பெறுவேன் என்று அவள் ஒரே பிடியாக நின்று, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் நின்று போன் போட்டாள். என் மதினி லிங்கம்மாள் ஊர் முகப்பில் நின்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். இரண்டு பேருக்கும் நடுவே கருவேலங்காடும் கால் மைல் வெயிலும்தான், எங்கள் கண்ணுக்கு அவளுடைய மஞ்சள் சேலை நன்றாகவே தெரிந்தது.

"அம்மா, எங்க நிக்க?"

"ஒனக்கு நேராத்தான் தாயி நிக்கேன். ஒங்கய்யா துண்டத் தூக்கி வீசுதாக பாரு."

"பொட்டலுதாம்மா தெரியுது." மஞ்சள் சேலை நாலடி முன்னால் வந்து நின்றது. "என்னைய வேண்டாம்னு சொல்லிட்டீகளாம்மா?"

மதினி போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பொழுதுசாயத் திரும்ப வேண்டும் என்று நான் பின்னாலேயே கத்தினேன். அவள் திரும்பவில்லை. நிறைமாசப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு எந்தத் தாய் திரும்புவாள்? ரெஜினா டீச்சர் வீட்டில் மகளோடு படுத்து எழுந்தாள், காலையில் அவளுக்கும் ஊர் இல்லை. என் அண்ணனுக்கு ஒரு கால் வராது. ஊர் முகப்பில் கம்பை ஊன்றிக்கொண்டு அந்தச் சிவப்புத் துண்டை வீசியபடியே நின்றார். சாப்பிடச் சொன்னால், "அவுக பாக்கையில நான் இல்லாமப் போயிட்டா?" என்றார்.

நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். டீச்சர் மூலப் படத்தைத் தரையில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்துக் குப்புறப் படுத்துக் கிடந்தார்.

"இதப் பாருங்க" என்றார். "இந்தப் புள்ளிக்கோடு ஒத்தையடிப் பாதை. ஒண்ணு ஸ்கூலுக்குப் பின்னாலேருந்து வருது, ஒண்ணு ஓடையிலேருந்து, ஒண்ணு தெக்கேருந்து. மூணும் வந்து முட்டுற எடத்துல ஒண்ணுமே இல்ல. மூணு பாதை ஒண்ணுமில்லாத எடத்துக்குப் போகாது. அளக்க வந்தவருக்கு ஆள் இருக்கறது தெரிஞ்சிருக்கு. ஆளக் காணாம அவரால புள்ளி வைக்க முடியல, பாதைய மட்டும் வரைஞ்சிட்டுப் போயிட்டாரு."

நாங்கள் மூன்று தலைமுறையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை அது. அன்றைக்கு அந்த வெள்ளை இடத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூப்பிடு தூரத்தில் ஒருத்தன் மூன்று நாள் காத்துக்கிடந்திருக்கிறான், ஒருத்தராவது எழுந்து நிற்பார்களா என்று.

"வரைபடத்துல இருக்கறதெல்லாம் திரும்பி வந்துச்சுல்ல, அப்ப இந்தப் பாதையும் வந்திருக்கும்" என்றார் டீச்சர். "வண்டிப்பாதை படத்துல இல்ல, அதுல வந்தா எப்படி வந்து சேர முடியும்? பழைய பாதையில வந்து பாக்கலாம்."

பள்ளிக்குப் பின்னால் கருவேலங்காட்டுக்குள் நுழைந்து பார்த்தோம். இருந்தது. ஓர் ஆள் அகலத்தில், நேற்றுத்தான் நடந்த மாதிரி புழுதி மெத்தென்று கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் ஊரே வந்து பாதையில் நின்றது. ஊரைக் காலியாக விட்டால் வரைபடம் சொன்னது உண்மையாகிவிடும் என்று அண்ணனை மட்டும் ஓர் அடுப்பை மூட்டி ஊர் முகப்பில் நிறுத்திவிட்டு, எல்லைக்கல்லிலிருந்து பள்ளிக்கூடச் சுவர் வரைக்கும் பத்தடிக்கு ஓர் ஆளாக, கைப்பிள்ளைக்காரிகள்கூடப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முத்துச்செல்வியின் கையை முதல் ஆள் பிடித்து இரண்டாவது ஆள் கையில் கொடுத்தார், இரண்டாவது ஆள் மூன்றாவது ஆளுக்கு, இப்படி ஒரு கணமும் விட்டுவிடாமல் கைமாற்றிக் கைமாற்றி அவளைக் கொண்டுவந்தோம். மதினி பின்னாலேயே வந்தாள். பாதி வழியில் முத்துச்செல்வி நின்று மரத்தைப் பிடித்துக்கொண்டாள். உதட்டைக் கடித்ததிலேயே வலி வந்துவிட்டதென்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

கூடவே வந்த டீச்சர் கிராம நர்ஸம்மாவுக்குப் போன் போட்டார். காட்டுக்குள் எந்த வண்டியும் வராது, திரும்பப் போனாலும் அதே தூரம். நாங்கள் நடந்தோம்.

எல்லைக்கல்லில் நான் நின்றுகொண்டிருந்தேன். என் ஒரு கால் ஊருக்குள், ஒரு கால் வெளியே. "அத்த, ஒங்க தோளுக்கு அங்கிட்டு ஒண்ணுமே இல்லயே" என்றாள் முத்துச்செல்வி. பாதிதான் தெரிந்திருக்கிறேன்.

"முதல்ல நான் போறேன்" என்று மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு கல்லைத் தாண்டினாள். என் கையில் ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன், ஊருக்கு அந்தப்பக்கம் மேட்டின்மேல் தலையில் அடித்துக்கொண்டு நின்றாள். பழைய பாதையும் கைவிட்டுவிட்டது. திரும்பி ஊர் முகப்பைப் பார்த்தேன். அண்ணன் பின்னால் எரிகிற அடுப்பை நான் அண்ணனுக்கு ஊடாகவே பார்த்தேன்.

"நான் வர மாட்டேன் அத்த" என்றாள் முத்துச்செல்வி. "எம்பிள்ள இல்லாமப் போயிரும்." சொல்லிவிட்டு அப்படியே கல்லோடு உட்கார்ந்தாள், அதற்குமேல் அவளால் நடந்திருக்கவும் முடியாது. பெண்கள் சுற்றிச் சேலையைப் பிடித்தார்கள், ஆண்கள் திரும்பி நின்றார்கள். எத்தனையோ பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன், ஒன்றைக்கூடக் கையில் ஏந்திப் பிறக்க வைத்ததில்லை. நான் ஊருக்குள் முழங்காலை ஊன்றி, கல்லுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டிருந்தேன். பொழுது உச்சிக்கு வரும்போது பெண் குழந்தை வந்து என் கையில் விழுந்தது.

அது அழுவதற்கு முன்னால் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த உலகத்தில் வெளியே ஒரு ராத்திரியும் தூங்காத வெளியாள் இது ஒன்றுதான்.

"ஆவுடை, கொடிய அறுத்துரு" என்று யாரோ புது பிளேடை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. கொடி இருக்கிற நீளத்துக்குக் குழந்தையை மெதுவாகக் கல்லுக்கு இந்தப்பக்கம் எடுத்து என் மடியில் வைத்தேன்.

குழந்தை இருந்தது. என் மடியில், எங்கள் மண்ணில், கனமாக, வழுவழுப்பாக, முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தது.

முத்துச்செல்வி பார்த்ததை அவள் பிறகு சொல்லித்தான் தெரியும். அவள் உடம்பிலிருந்து புறப்பட்ட கொடி கல்லுக்கு மேலே போய் அந்தரத்தில் முடிந்திருந்தது. முடிந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் கொடி துடித்துக்கொண்டிருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில், பொட்டலிலிருந்து, குழந்தை வீறிட்டது. ஒளிவுப் பொங்கலுக்குப் பழகின யாரோ ஒருத்தியின் கை தானாகவே குழந்தையின் வாயைப் பொத்த வந்தது, நான் தட்டிவிட்டேன்.

"அழட்டும்" என்றேன். "நல்லாக் கேக்கட்டும்."

முத்துச்செல்வி ஊருக்குள் வர நினைக்கவில்லை. ஊர் அவளுக்கு அப்போது ஞாபகத்திலேயே இல்லை. கொடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை மண்ணில் ஊன்றி, அழுகிற இடத்தைப் பார்த்துத் தவழ்ந்து வந்தாள். கொடி அறுபடவில்லை, கையைப் போல நழுவவில்லை. அவள் தலை கல்லைத் தாண்டியது, தோள் தாண்டியது, குழந்தைமேல் முகம் படிந்தது, நிமிர்ந்தாள்.

"அய்யா, ஏன் இப்பிடி மெலிஞ்சு போயிட்டீக?" என்றாள்.

என் அண்ணன் துண்டை வீசுவதை நிறுத்தினார். அவருக்குப் பின்னால் இருந்த அடுப்பு இப்போது தெரியவில்லை, அவர்தான் மறைத்துக்கொண்டு நின்றார். நாய்கள் குரைத்தன, சத்தம் கேட்டது. மேட்டிலிருந்து மதினி தெரு வழியாக, ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் தொட்டுத் தொட்டு ஓடிவந்தாள்.

நர்ஸம்மா காட்டுப் பாதையில் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு, முள்ளைத் திட்டிக்கொண்டு, எல்லைக்கல்லை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் தாண்டி வந்தார். கொடியில் கிளிப் போட்டு அறுத்தார், தாயையும் பிள்ளையையும் சோதித்துவிட்டு, மாடு குறுக்கே நிற்கிறது, ஓட்டுங்கள் என்றார். அந்த மாட்டை அவர் பார்த்துவிட்டாரே என்பதில் மாட்டுக்காரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீச்சர் அவருக்குப் பின்னாலேயே வந்து, எங்கள் தெருவின் நடுவில் நின்று, ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்மாயில் தண்ணீர் ஒரு முழம் இறங்கிவிட்டதாகக் கோவிலாங்கரைக்காரர்கள் பிறகு குறைப்பட்டுக்கொண்டார்கள்.

நர்ஸம்மா கையைக் கழுவிவிட்டு நீளமான நோட்டு ஒன்றை எடுத்து மடியில் வைத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.

"எந்த ஊரு?"

தாளும் பேனாவுமாக ஓர் ஆள் எங்கள் நடுவில் உட்கார்ந்து ஊரைக் கேட்கிறார். நூற்றுத் தொண்ணூறு பேருடைய பாதமும் ஓடைப் பக்கம் லேசாகத் திரும்பியதை நான் பார்த்தேன், என் பாதமும்தான். இவ்வளவு பட்ட பிறகும் அந்தப் பயம் போகவில்லை, அது எங்கள் ரத்தத்தில் ஊறிக் கிடந்தது.

"நரிப்பொட்டல்" என்றாள் முத்துச்செல்வி, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே.

நர்ஸம்மா எழுதினார். பேனா தாளில் கீறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு என் அண்ணன் கம்பை ஊன்றி ஓர் எட்டு முன்னால் வந்து, "பிள்ளையோட தாத்தா, தங்கையா" என்றார். "பாட்டி, லிங்கம்மா" என்றாள் மதினி. நான் ஆவுடைத்தாய் என்றேன். கருத்தப்பாண்டியின் பெண்டாட்டி தன் பெயரைச் சொன்னாள், பஸ் ஸ்டாப்பிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்த கருத்தப்பாண்டி அவன் பெயரைச் சொன்னான், அதற்குப் பிறகு வரிசையில்லை, யாரும் கேட்காமலே, பெயரையும் வீட்டையும் ஆடு மாட்டையும் எத்தனை உருப்படி என்றும் எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

"பிள்ளையோட விவரம் மட்டும் சொன்னாப் போதும்" என்றார் நர்ஸம்மா.

நாங்கள் நிறுத்தவில்லை. அவர் எங்களை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார், பிறகு பெருமூச்சு விட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, "ஒவ்வொருத்தராச் சொல்லுங்க" என்றார்.